கொக்குக்கு முட்டி எங்கே?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதித் தரப்பட்டது.)



போன மாதம் சங்கச் செயலாளர் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும், தலைப்பு உன் இஷ்டம்" என்றார். நான் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன். கிரேனைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பார். "பறவையோட கால் எலும்பு, அதுல தசை எங்கெங்க ஒட்டியிருக்குங்கிறதைப் பத்தி" என்றதும் அரை நிமிஷம் சத்தமே இல்லை. "லைன்ல இருக்கீங்களாண்ணே?" என்று கேட்டேன். "இருக்கேன், இருக்கேன். சாப்பாட்டுக்கு முன்னாடி வச்சுக்கலாமா, பின்னாடியா?" என்றார். முன்னாடிதான் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம் கடைசியில் தெரியும்.

காரைக்கால் மண்ணில் படித்தவன் காலைப் பற்றிப் பேசுவதில் என்ன அதிசயம்? ஊர்ப் பேரிலேயே கால் இருக்கிறது. கயிலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையாலேயே நடந்து ஏறிய அம்மையார் பிறந்த ஊர் இது. ஆனால் நான் சொல்ல வந்த கால் இந்தக் கோட்டுச்சேரி வயல்வெளியில் நாம் தினமும் பார்த்த கால். கொக்கின் கால்.

2008-ஆம் வருஷம் நவம்பர் 27-ஆம் தேதி காலை நிஷா புயல் காரைக்காலுக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்தது. அப்போது நாங்கள் இரண்டாம் ஆண்டு. ஐந்து பேர் சேர்ந்து கோட்டுச்சேரியில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தோம். அந்த ஐந்து பேரில் மூன்று பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறானே, அவன் ஒருத்தன். கதை எங்கே போகிறதென்று அவனுக்குத் தெரியும்.

மழை விட்டு மூன்று நான்கு நாள் இருக்கும். சம்பா வயல்கள் எல்லாம் ஒரே ஏரியாகக் கிடந்தன. மேட்டுக்குப் போகிற ரோட்டில், வரப்போரம் கிடந்த ஒரு குருட்டுக்கொக்கை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். மடையான் என்றும் சொல்வோம். உட்கார்ந்திருந்தால் சேற்று நிறம், எழுந்து பறந்தால்தான் உள்ளே வைத்திருக்கிற வெள்ளைச் சிறகு தெரியும், அந்தப் பறவை. ஒரு கால் தொங்கியது.

"தொடை எலும்பு ஒடஞ்சிருக்குடா. பாரு, முட்டிக்கு மேல" என்றான்.

நாங்களும் பார்த்தோம். வயிற்று இறகிலிருந்து சதையோடு ஒரு துண்டு இறங்குகிறது. அப்புறம் ஒரு மூட்டு. அதற்குக் கீழே குச்சி மாதிரி ஒரு துண்டு. அப்புறம் விரல்கள். மூட்டு என்றால் முட்டிதானே, அதற்கு மேலே இருப்பது தொடைதானே? "மனுஷனுக்கு முட்டி முன்னால நீட்டும், கொக்குக்குப் பின்னால நீட்டும். அவ்ளோதான் மாப்ள வித்தியாசம்" என்று நான்தான் விளக்கம் கொடுத்தேன். மெக்கானிக்கல் மாணவன் அல்லவா!

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை நீளவாக்கில் இரண்டாக உடைத்தோம். பஞ்சு வைத்து, காலைக் கம்பு மாதிரி நேராக நீட்டி, இரண்டு பக்கமும் பட்டையைக் கொடுத்து, நைலான் நூலால் மேலிருந்து கீழ் வரைக்கும் இறுக்கிக் கட்டினோம். மூட்டையும் சேர்த்துத்தான் கட்டினோம். மூட்டு ஆடினால் எலும்பு எப்படிச் சேரும்? கட்டு அவ்வளவு சுத்தமாக வந்தது. செல்போனில் போட்டோ கூட எடுத்துக்கொண்டோம்.

இரவு முழுக்க அதனால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கட்டின காலின் விரல்கள் பிடிமானம் இல்லாமல் விரிந்து தொங்கின. காலையில் தொட்டுப் பார்த்தால் பாதம் சில்லென்று இருந்தது, நிறமும் கறுத்திருந்தது. பொடி மீன் வைத்தோம், தொடவில்லை. மறுநாள் விடியும்போது செத்துக் கிடந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வேலியோரம் குழி தோண்டிப் போட்டுவிட்டு, குளித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்துவிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறி வாங்குகிற முறை என்னுடையது. கோழிக்கடை பாய் வெட்டிக்கொண்டிருந்தார். பொழுது போகாமல், "பாய், கோழிக்கு முட்டி எது?" என்று கேட்டேன். மஞ்சள் பாதத்தை நறுக்கி எறிகிற மூட்டைக் காட்டி, "இதுதானே?" என்றும் கேட்டேன்.

பாய் சிரித்தார். "அது குதிகாலு தம்பி. முட்டி இங்கல்ல இருக்கு" என்று தொடைக்கறிக்கும் லெக் பீஸுக்கும் நடுவிலுள்ள மூட்டில் கத்தியை வைத்துக் காட்டினார். "கோழி எப்பவும் நுனிக்கால்லதான் நடக்குது. குதிகால் தரையில பட்டதே இல்ல."

அப்புறம் நறுக்கின பாதத்தை எடுத்து, பின்பக்கம் எட்டிப் பார்த்த வெள்ளை நரம்பைப் பிடித்து இழுத்தார். விரல்கள் மடங்கின. விட்டார், விரிந்தன. "சின்னப் புள்ளைங்க இத வச்சுத்தான் வெளயாடும்" என்றார். ஈரமான பாலிதீன் பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நாங்கள் கட்டியது முட்டியை இல்லை, குதிகாலை. ஒடிந்தது தொடை எலும்பும் இல்லை.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. பல வருஷமாகக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். என் வீட்டம்மா சமைத்த கோழியை நான் சாப்பிட்டதை விடப் பிரித்துப் பார்த்தது அதிகம். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எல்லோரும் ஒரு நிமிஷம் உட்கார்ந்தபடியே இரண்டு குதிகாலையும் தூக்கி விரல்களை மட்டும் தரையில் ஊன்றுங்கள். ஐயா, நீங்களும்தான். இப்போது உங்கள் பாதம் ஒரு முழம் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடை குட்டையாகி வயிற்றுக்குள் போய்விட்டது, முட்டி விலாவோரம் தோலுக்குள் ஒளிந்துவிட்டது. நீங்கள் கொக்கு.

பறவையின் தொடை எலும்பு குட்டை. செங்குத்தாக இல்லாமல், ஏறக்குறையப் படுக்கைவாட்டில் முன்னோக்கி நீண்டிருக்கும். முட்டி இறகுக்குள்ளே மறைந்திருப்பதால் நம் கண்ணில் படாது. அதற்கும் காரணம் உண்டு. பறவைகளின் முன்னோர்களுக்கு நீண்ட கனமான எலும்பு வால் இருந்தது. வால் பின்னால் கனத்தால் எடை இடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும். வால் குறைந்து, நெஞ்சில் பறக்கிற தசை பெருத்ததும் எடை முன்னால் தள்ளிப்போயிற்று. இடுப்பு இருந்த இடத்திலேயே இருக்க, கால் மட்டும் முன்னால் வந்தாக வேண்டும். தொடை எலும்பை முன்னால் சாய்த்து முட்டியை எடையின் நேர் கீழே கொண்டுவந்தாயிற்று. நாம் இடுப்பிலிருந்து நடக்கிறோம். பறவையின் நடையில் தொடை அதிகம் அசைவதில்லை. முட்டியும் குதிகாலும்தான் பெரும்பாலான வேலையைச் செய்கின்றன.

அடுத்தது நீளமான எலும்பு, நாம் லெக் பீஸ் என்கிறோமே அது. நம் முழங்காலுக்குக் கீழே இருக்கிற பெரிய எலும்பின் கீழ்முனையோடு கணுக்கால் சிற்றெலும்புகளில் மேல் வரிசை ஒட்டி ஒன்றாகிவிட்டது. அதனால் இதற்கு டிபியோடார்சஸ் என்று கூட்டுப் பெயர். நமக்கு அதன் பக்கத்தில் ஃபிபுலா என்று இன்னொரு எலும்பு கணுக்கால் வரை வரும். பறவைக்கு அது பாதி வழியிலேயே ஊசியாகத் தேய்ந்துவிடும். லெக் பீஸ் கடிக்கும்போது ஈறில் குத்துமே, அதேதான். அதற்குக் கீழே செதிலோடு தெரியும் குச்சிக் கால் உண்மையில் பாதத்தின் எலும்பு. மூன்று பாத எலும்புகளும் கணுக்காலின் கீழ்வரிசைச் சிற்றெலும்புகளும் ஒன்றாகி டார்சோமெட்டாடார்சஸ் ஆகிவிட்டன. அதன் கீழ்முனையில் மூன்று விரல்களும் மூன்று கப்பிகள் மாதிரி தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். விரல்களின் கணக்கும் வேடிக்கைதான். பின்விரலில் இரண்டு துண்டு எலும்பு, உள்விரலில் மூன்று, நடுவிரலில் நான்கு, வெளிவிரலில் ஐந்து. கோழிக்கும் இதே கணக்கு, கொக்குக்கும் இதே கணக்கு.

இனிமேல் சொல்வது என் தொழிலோடு சம்பந்தப்பட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரேனில் சுமையைத் தூக்குகிற மோட்டாரையும் கயிறு சுற்றும் டிரம்மையும் கை நுனியில் கொண்டுபோய் வைக்க மாட்டோம். அடியில், உடம்புக்குப் பக்கத்தில் வைப்போம். நுனிக்குக் கம்பிக் கயிறு மட்டும்தான் போகும். ஏன்? சுழலும் அச்சிலிருந்து ஒரு எடை இருமடங்கு தூரம் தள்ளிப் போனால், அதை ஆட்டுவதற்கான தடை நான்கு மடங்காகும். கொக்கு தன் காலை ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை தூக்கி வைக்கிறது! அதனால்தான் அதன் சதையெல்லாம் இடுப்போரத்திலும் லெக் பீஸின் மேல் பாதியிலும் குவிந்திருக்கிறது. செதில் காலில் இருப்பது எலும்பு, தசைநாண், ரத்தக்குழாய், நரம்பு, தோல். சதை என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. விரல் மடக்கும் தசை மேலே இருக்கிறது, விரல் கீழே இருக்கிறது, நடுவில் கயிறு.

கயிறு என்றால் கப்பி வேண்டும். லெக் பீஸ் எலும்பின் கீழ்முனையைப் பாருங்கள், நடுவில் பள்ளம் விழுந்த கிணற்று ராட்டினம் மாதிரியே இருக்கும். குதிகாலின் பின்னால், பாத எலும்பின் தலையில் ஒரு மேடு உண்டு. அதில் வரிவரியாகப் பள்ளங்களும், சில பறவைகளில் துளைகளும் இருக்கும். விரல்களுக்குப் போகும் கயிறுகள் ஒன்றோடொன்று சிக்காமல் அதனதன் பள்ளத்தில் ஓடுவதற்காக. முன்பக்கம் விரலை நீட்டுகிற கயிறு வருகிறது. குதிகால் மடங்கும்போது அது எலும்பை விட்டு எழும்பி வில்நாண் மாதிரி நிற்கும் அல்லவா? எழும்பாமல் இருக்கக் கோழியில் எலும்பாலேயே ஒரு சிறு பாலம் போட்டு அதற்கடியில் கயிறு நுழைகிறது. கிரேன் கப்பியில் கயிறு தாவாமல் இருக்க ஒரு காவல் தகடு மாட்டுவோம். அந்தத் தகட்டை முதல் நாள் வேலையில் பார்த்தபோது எனக்குக் கோழிதான் ஞாபகம் வந்தது. மேலதிகாரியிடம் சொல்லவில்லை.

தசை எலும்பில் ஒட்டும் இடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லெக் பீஸ் எலும்பின் மேல்முனையில், முன்பக்கம் இரண்டு முகடுகள் துருத்திக்கொண்டிருக்கும். முட்டியை நீட்டும் தொடைத் தசைகள் முட்டிச் சில்லைத் தாண்டி வந்து அங்கேதான் பிடிக்கின்றன. முகடு எவ்வளவு துருத்துகிறதோ அவ்வளவு நெம்புகோல் நீளம். நம் ஊர்க் குளங்களில் தலை தெரிவதும் மறைவதுமாக இருக்குமே முக்குளிப்பான், அதற்கு இந்த முகடும் முட்டிச் சில்லும் சேர்ந்து முட்டிக்கு மேலே நன்றாக நீண்டு நிற்கும். தண்ணீரை உதைத்துத்தானே அது பிழைக்க வேண்டும்.

கெண்டைக்கால் தசை நமக்கு இரண்டு தலையோடு முட்டிக்குப் பின்னால் தொடங்குகிறது. பறவைக்கு மூன்று தலை. இரண்டு தொடை எலும்பின் கீழ்முனையில் பிடித்திருக்கும், ஒன்று லெக் பீஸ் எலும்பின் உள்பக்கத்து மேல்பகுதியில் பிடித்திருக்கும். மூன்றும் சேர்ந்து ஒரே தடித்த நாணாகிக் குதிகால் மேட்டில் போய் முடிகிறது. இதில் கவனிக்க வேண்டியது, அது முட்டி, குதிகால் என்று இரண்டு மூட்டைத் தாண்டிப் போகிறது. ஒன்றை அசைத்தால் மற்றதற்கும் சேதி போகும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இலியோஃபிபுலாரிஸ் என்கிற தசை. இடுப்பின் பின்பக்கத்திலிருந்து வந்து முட்டியை மடக்குவது. இதன் நாண் நேராகப் போய் எலும்பில் ஒட்டுவதில்லை. முட்டிக்குப் பின்னால், நாரால் ஆன ஒரு வளையம் தொங்குகிறது. அந்த வளையத்துக்குள் நுழைந்து, திசை திரும்பிப் போய் அந்த ஊசி எலும்பின் பக்கத்திலுள்ள சிறு மேட்டில் பிடிக்கிறது. கொக்கியில் மாட்டிய வளையத்துக்குள் கயிறு விட்டு இழுக்கிற அதே ஏற்பாடு. கீழே ஊசியாகத் தேய்ந்துபோன ஃபிபுலா, மேலே மட்டும் தடிப்பாக நிற்கிறதே, எதற்காக என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அதன் தலை முட்டி மூட்டில் பங்கெடுக்கிறது, மேட்டில் இந்தக் கயிறு பிடிக்கிறது. வேலை இருக்கிற வரைக்கும் எலும்பு இருக்கிறது.

இப்போது எங்கள் கட்டுக்கு வருகிறேன்.

ஒடிந்தது டிபியோடார்சஸின் கீழ்ப்பகுதி. நாங்கள் தொடை என்று நினைத்தது. அதற்கு மேலே இருந்த உண்மையான முட்டியை நாங்கள் தொடவே இல்லை. அது இறகுக்குள் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஆட வேண்டிய குதிகாலை இறுக்கிவிட்டோம். கொக்கு உட்கார வேண்டுமென்றால் முட்டியும் குதிகாலும் சேர்ந்து மடங்க வேண்டும். ஒன்று மடங்கி மற்றது மடங்காவிட்டால், இரண்டையும் தாண்டிப் போகிற கெண்டைக்கால் தசை ஒடிந்த இடத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். குதிகாலை நேராக நீட்டிவிட்டதால் பின்பக்கத்துக் கயிறுகள் தளர்ந்து போயின. விரல்கள் தொங்கியதற்கு அதுதான் அர்த்தம். நைலான் நூலை எங்கே அதிகம் இறுக்கினோம்? குச்சிக் காலில். மெத்தை மாதிரி சதை எதுவும் இல்லாத இடம். நூலுக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவில் தோல் ஒன்றுதான். பாதம் ஏன் சில்லிட்டது என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

கட்டினால்தான் செத்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். காட்டுப் பறவை மனிதன் கையில் பட்ட பயத்திலேயே சாகும் என்று பிறகு ஒரு கால்நடை மருத்துவர் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி இரவை அது சாய்ந்து படுத்துக் கழித்ததற்கு நாங்கள்தான் காரணம்.

கிளையில் உட்கார்ந்து தூங்கும் பறவை ஏன் விழுவதில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். உட்காரும்போது குதிகால் மடங்கும், பின்பக்கக் கயிறு இழுபடும், விரல் தானாக இறுகும் என்று நாமும் சொல்லிவிடுவோம். இதை முதலில் விரிவாகச் சொன்னவர்களில் ஒருவர் போரெல்லி என்கிற இத்தாலியர். கணிதமும் எந்திரவியலும் தெரிந்தவர். விலங்குகளின் அசைவு பற்றி அவர் எழுதிய நூல் அவர் காலமான பின் 1680-81-இல் வெளிவந்தது. நெம்புகோலையும் கயிற்றையும் வைத்து உடம்பைப் பார்த்த மனிதர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை. ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் சொன்னது அப்படியே நிற்கவில்லை. 2012-இல் கால்டன், ஷெப்பர்ட் என்ற இருவர் ஸ்டார்லிங் பறவைகளை வைத்துச் சோதித்தார்கள். நம் மைனாவின் குடும்பம்தான். 6 மில்லிமீட்டர் குச்சியில் தூங்கும் பறவையின் குதிகால் கொஞ்சம்தான் மடங்கியிருந்தது, கோணம் ஏறத்தாழ 120 பாகை. விரல்கள் குச்சியை இறுக்கவே இல்லை. உள்ளங்கால் மெத்தையில் எடையைச் சமமாக வைத்துக்கொண்டுதான் தூங்கியது. பாய் இழுத்த கயிறு பொய் இல்லை. செத்த கோழியின் விரல் அதனால் மடங்கும். உயிருள்ள பறவையின் தூக்கத்துக்கு அது ஒன்றே விளக்கம் ஆகாது, அவ்வளவுதான்.

பறவை விரலில் இன்னொரு பூட்டும் உண்டு. எலக்ட்ரீஷியன்கள் ஒயர்களைக் கட்ட ஒரு பக்கம் பல் வைத்த பிளாஸ்டிக் டேக் வைத்திருப்பார்களே, அது மாதிரி. விரலடியில் நாணின் மேல் சொரசொரவென்று புடைப்புகள், அது ஓடுகிற உறையில் குறுக்கு மடிப்புகள். எடை அழுத்தும்போது ஒன்றில் ஒன்று பல் கடித்துக்கொள்ளும். பருந்து மீனைப் பிடித்துக்கொண்டு பறக்கும்போது இது உதவும்.

ஒற்றைக்காலில் நிற்பது பற்றிச் சொல்லாவிட்டால் அடிக்க வருவீர்கள். இங்கிருந்து நாகப்பட்டினம், வேதாரண்யம் தாண்டிப் போனால் கோடியக்கரை. 1967-லிருந்து சரணாலயம். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். கூட்டமாக ஒற்றைக்காலில் நிற்கும். ஒரு காலில் நிற்க அதிகப் பலம் தேவை என்றுதான் நாம் நினைப்போம். அமெரிக்காவில் அட்லாண்டாவைச் சேர்ந்த சாங், டிங் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் வெளியிட்டது வேறு மாதிரி. உயிரற்ற பூநாரையின் உடலை ஒற்றைக்காலில் நிறுத்தினால், தசை எதுவும் வேலை செய்யாமலே அது நின்றது. உடம்பின் எடை காலை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்திவிடுகிறது. அதே உடலை இரண்டு காலில் நிற்கிற கோணத்தில் வைத்தால் நிற்கவில்லை. நம் ஆட்கள் இதைத் தவம் என்று சொல்லி வைத்தார்கள். பூநாரையைப் பொறுத்தவரை அது ஓய்வு.

இன்னொரு புயல் கதை சொல்லி முடிக்கிறேன். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் அடித்தபோது நான் மனைவி வீட்டில், வேதாரண்யம் பக்கத்தில் இருந்தேன். காலையில் வெளியே வந்தால் ஒரு தென்னை நிற்கவில்லை. இடிந்த மாட்டுக் கொட்டகை ஓரம் ஒரு சின்ன வெள்ளைக் கொக்கு. குச்சிக் காலின் நடுவில் முறிவு. மாமனார் கோணிச் சாக்கோடு வந்து, "கட்டிடலாமா மாப்ள?" என்றார். எனக்குக் கை நடுங்கியது. "வேணாம் மாமா, ஒரு அட்டைப்பெட்டி மட்டும் குடுங்க" என்றேன். காலை அது மடக்குகிற வாட்டத்திலேயே விட்டு, வைக்கோல் போட்டு, காற்றுக்கு ஓட்டை போட்டு மூடி, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே கொண்டுபோனோம். அந்தக் கலவரத்திலும் ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். நூற்றுக்கணக்கில் மாடு செத்த நேரம், நான் கொக்கைக் கொண்டுபோய் நிற்கிறேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. குதிகாலைச் சற்று மடக்கிய நிலையில் வைத்து, முறிந்த இடத்துக்கு மட்டும் மெல்லிய பட்டை வைத்து, துணி நாடாவால் தளர்வாகச் சுற்றினார். மறுநாள் விடியுமுன் எழுந்து பெட்டிக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மாமனார் போன் செய்தார். "மாப்ள, ஒங்க கொக்கு எந்திரிச்சு நிக்கிது. ஒத்தக் கால்ல."

"எந்தக் கால்ல மாமா? ஒடஞ்ச காலா, நல்ல காலா?"

"அத யாரு கவனிச்சா? ஒரு கால உள்ள இழுத்துக்கிச்சு. கட்டும் சேர்ந்து உள்ள போயிடுச்சா, இல்ல கட்டு அவுந்துடுச்சான்னு தெரியல. கிட்டப் போனா கொத்த வருது."

அதற்கு அடுத்த வாரம் கொக்கைக் காணோம். பறந்துவிட்டது என்கிறாள் என் மனைவி. நாய் தூக்கியிருக்கும் என்கிறார் மைத்துனர். மாமனார் இரண்டும் சொல்வதில்லை. கொட்டகையில் இறகு எதுவும் கிடக்கவில்லை என்று மட்டும் சொன்னார். அதை நான் எத்தனை தடவை திருப்பித் திருப்பிக் கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மெனுவில் கோழி இருக்கிறதென்று நேற்றே விசாரித்து வைத்தேன். சைவக்காரர்கள் மன்னிக்கவும். லெக் பீஸ் வந்தால் அந்த ஊசி எலும்பை உடனே தட்டோரம் ஒதுக்கிவிடாதீர்கள். தலைப்பக்கத்திலிருந்து சற்றுக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சின்ன மேடு தட்டுப்படும். வளையத்துக்குள் நுழைந்து வந்த கயிறு அங்கேதான் பிடித்திருந்தது. கிடைக்காதவர்கள் மூன்றாவது வரிசைக்காரனைக் கேளுங்கள். அவனுக்கும் இப்போது தெரியும்.